முளைத்ததும் சொல்வதாகச் சொன்னீர்கள்

அன்புள்ள அத்தை,

பள்ளிக்கு விடுமுறை விட்டதும் புத்தகப் பையைக் கவிழ்த்து உதறினேன். பென்சில் சீவல், மூடியில்லாத இரண்டு பேனா, காய்ந்துபோன புல் விதைகள், கடைசியில் தொப்பென்று ஒரு தோல் கையுறை. இடது கை. தோலும் மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் கருவேல் இலையும் சேர்ந்த அந்த வாடை அறை முழுக்க வந்துவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து, "செத்த எலியவாடி பைக்குள்ள வச்சிருக்க?" என்றாள். கையுறையை மூக்கில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று நடந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி. "ஏ மருமகளே, கடலாடிக்கு வழி கேட்டா நீ காசியிலருந்து ஆரம்பிப்ப" என்று கேலி செய்வீர்கள். செய்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு மகனும் கிடையாது, மகளும் கிடையாது. ஆனாலும் தம்பி மகளான என்னை நான் பிறந்த நாளிலிருந்து மருமகளே என்றுதான் கூப்பிட்டீர்கள். யாராவது சிரித்தால், "மாப்பிள்ளைய மட்டுந்தான் நான் பெறல. அதுக்காக மாமியா வேலைய விட முடியுமா?" என்பீர்கள். அந்த வேலையை நீங்கள் ஒழுங்காகச் செய்ததும் இல்லை. என்னை அதட்டியதைவிட நான் உங்களை அதட்டியதுதான் அதிகம்.

நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடையில், சாலையோரம் இருந்த உங்கள் மூன்று ஏக்கர் புஞ்சையில் இனி உழவில்லை என்று அறிவித்தீர்கள். களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை, மழையையும் நம்ப முடியவில்லை, மூட்டு வலி வேறு. "எனக்கும் ரிட்டையர்மென்ட், அதுக்கும் ரிட்டையர்மென்ட்" என்றீர்கள். வரப்புக்கு இந்தப் பக்கம் உங்கள் தம்பியான என் அய்யாவின் மிளகாய்க் காடு. அவர் தலையில் அடித்துக்கொண்டார். "சும்மா போட்டா முள்ளுதான்க்கா மொளைக்கும்" என்றார். எனக்கோ அந்த வருடம்தான் பள்ளி நூலகத்தில் பறவைப் புத்தகம் ஒன்று கிடைத்திருந்தது. உழாமல் விட்ட நிலத்தில் புல் வளரும், புல்லில் பூச்சி வரும், தரையில் கூடு கட்டும் பறவைகள் அங்கே திரும்பி வரும் என்று அதில் போட்டிருந்தது. நான் அந்தப் பக்கத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் கடலை உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டுவிட்டு, "வரட்டும். நம்ம வீட்டுக்குத்தான் யாரு வாரா" என்றீர்கள்.

ஐப்பசியில் மழை பெய்தது. நிலம் முழுக்கக் கொழுக்கட்டைப் புல் கிளம்பியது. ஒவ்வொரு ஞாயிறும் விடிந்ததும் ஒரே தடத்தில் நடந்து, முதலில் உங்கள் நிலத்தில், பிறகு அய்யாவின் நிலத்தில், கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி நோட்டில் எழுத ஆரம்பித்தேன். நீங்கள் துணைக்கு வந்தீர்கள். வந்து என் வேலையைக் கெடுத்தீர்கள்.

"எழுது, காக்கா நாலு."

"காக்கா புல்வெளிப் பறவை இல்ல அத்தை. அது மேல பறந்து போகுது. இறங்கினாத்தான் கணக்கு."

"நம்ம காட்டுக்கு மேலதான போகுது. ஒரு மரியாதைக்காச்சும் எழுதேன்."

எழுதவில்லை என்றால் அன்று முழுக்க என்னைத் தாசில்தார் என்று கூப்பிட்டீர்கள். அய்யா மிளகாய்ச் செடிகளுக்கு நடுவிலிருந்து, "ஏத்தா, என் காட்டுக்கு எத்தன மார்க்கு?" என்று கத்துவார். அங்கே இரண்டு கரிச்சான், சில மைனா. உங்கள் பக்கத்தில் காடை இருந்தது, கவுதாரி இருந்தது, வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் நெட்டைக்காலி இருந்தது. மார்கழியில் ஒரு பூனைப் பருந்து புல்லை உரசுவதுபோலத் தாழப் பறந்து போனது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் வந்தார்.

புத்தகத்தில் அவருக்குச் சாம்பல் தலை வானம்பாடி என்று பெயர். சிட்டுக்குருவியைவிடச் சற்றுச் சிறியவர், வயிறெல்லாம் கறுப்பு. தரையில் உட்கார்ந்தால் மண்கட்டி. ஆனால் திடீரென்று சிறகடித்து மேலே ஏறி, உச்சியில் சிறகை மடக்கிக்கொண்டு நீளமாக ஒரு சீட்டியடித்தபடி செங்குத்தாக விழுந்து, தரையைத் தொடுமுன் மறுபடி ஏறுவார். மறுபடி விழுவார். முதல்முறை பார்த்தபோது நீங்கள் நெஞ்சில் கை வைத்துவிட்டீர்கள், அடிபட்டு விழுகிறது என்று நினைத்து. இரண்டாம் முறை, "இவன் என்ன, மதுர ஆஸ்பத்திரி லிப்டு மாதிரி ஏறுறான் எறங்குறான்" என்றீர்கள். அன்றிலிருந்து அவருக்கு லிப்டுக்காரர் என்று பெயர். நோட்டிலும் அப்படித்தான் எழுத வேண்டும் என்று அடம்பிடித்தீர்கள். அடைப்புக்குறிக்குள் எழுதிக் கொடுத்தேன்.

அந்த மகிழ்ச்சியில்தான் நான் ஒரு பலகை வைத்தேன். பழைய பெட்டியின் மூடியில் கறுப்பு மையால், "இங்கே எதையும் தொடக் கூடாது, வெட்டக் கூடாது, பிடுங்கக் கூடாது" என்று எழுதிச் சாலைப் பக்கம் நட்டேன். நீங்கள் அதைப் படித்துவிட்டு, "நானுமா?" என்று கேட்டீர்கள். "நீங்களும்தான்" என்றேன்.

கோடையில் புல் காய்ந்து சாய்ந்தது. மேய்ச்சல் இருந்தால் புல்வெளி நன்றாக இருக்கும் என்று புத்தகத்தில் இன்னொரு பக்கம் சொன்னது. நீங்களே போய்க் கீதாரியிடம் பேசினீர்கள். அவர் தம் செம்மறி மந்தையோடு வருடாவருடம் நம் பக்கம் வந்து, ஒவ்வொருவர் நிலத்திலும் எருவுக்காகக் கிடை போடுகிறவர். அந்த வருடமும் வந்தார். பட்டி அடைத்து, ஒரு வாரம் உங்கள் நிலத்தில், அடுத்த வாரம் அய்யாவின் நிலத்தில் ஆடுகளை அமர்த்தினார். ஆடுகள் போன பிறகு தரை முழுக்கப் புழுக்கை. எரு போட்டாயிற்று, அடுத்த மழைக்குப் புல் இடுப்பளவு வரும் என்று நாம் இருவரும் பூரித்துப்போனோம்.

மழை வந்தது. புல்லும் வந்தது. புல்லுக்கு நடுவே விரல் நீளத்தில் வேறொன்றும் வந்தது. எனக்கு அது என்னவென்று தெரியாமல் இல்லை. ஆனால் பலகை இருந்ததே. எதையும் பிடுங்கக் கூடாது என்று எழுதியவள் நான். நீங்கள் ஒருநாள் குனிந்து ஒன்றைப் பிடுங்கப் போனபோது, "அத்தை, பலகை" என்றேன். நீங்கள் கையை எடுத்துக்கொண்டீர்கள். அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது. அறுபதை நெருங்கிய விவசாயி, தன் சொந்த நிலத்தில், எட்டாம் வகுப்பு முடித்த பெண் சொன்னாள் என்று கையை எடுத்துக்கொண்டார்.

ஒரு வருடத்தில் சீமைக்கருவேல் இடுப்பளவு வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால் என் நோட்டில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. சின்னான் வந்தது, தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்தன, தையல்சிட்டு வந்தது. நான் அடிக்கோடிட்டுக் கூட்டுத்தொகை போட்டு உங்களிடம் நீட்டினேன். நீங்கள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பக்கத்தை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"கூட்டமெல்லாம் சரிதான். லிப்டுக்காரன் எங்க?"

"இந்த வாரம் வரல."

"போன வாரம்?"

பக்கங்களைத் திருப்பினேன். போன வாரமும் இல்லை. அதற்கு முந்தின ஏழு வாரமும் இல்லை. காடை இல்லை. நெட்டைக்காலி இல்லை. புதிதாக வந்தவையெல்லாம் புதர்ப் பறவைகள். வீட்டு வேலியிலேயே இருக்கக்கூடியவை. நிலத்துக்காக வந்தவை ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயிருந்தன. நான் மொத்தத்தைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். யார் வரவில்லை என்று பார்க்கவே இல்லை.

அய்யாவின் நிலத்தை எட்டிப் பார்த்தேன். அதே ஆடுகள், அதே ஒரு வாரக் கிடை. அங்கே ஒரு கருவேல் கன்றுகூட இல்லை. நீங்கள் புதர் ஓரத்தில் உட்கார்ந்து, மக்காமல் கிடந்த பழைய புழுக்கை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் நொறுக்கினீர்கள். உள்ளே பழுப்பாக ஒரு விதை.

"கருவ நெத்தத் தின்னுட்டு வந்து ஆடு வெதச்சுட்டுப் போயிருக்கு" என்றீர்கள். "ஓந்தகப்பன் கிடை போட்டதும் உழுதுட்டான். மொளச்சதெல்லாம் அடியில போயிருச்சு. நாமதான் உழுகலயே."

கிடை போடுவது காலங்காலமாக நம் ஊரில் நல்ல வழக்கம்தான். ஆனால் அதற்குப் பின்னாலேயே கலப்பை வரும் என்பதையும் சேர்த்துத்தான் அது வழக்கம். பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். மீதிப் பாதியின் இடத்தில் நான் பலகை நட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் என்னைத் தேற்றவில்லை. சிரிக்க ஆரம்பித்தீர்கள். புழுக்கைத் தூளை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "நாலு கால்ல வந்த ஆட்டுக்குப் படிக்கத் தெரியல தாசில்தாரே, ஒம்போர்டுல ஆடு போட்டு ஒரு படம் வரஞ்சிருக்கணும்" என்றீர்கள். நானும் அழுதுகொண்டே சிரித்தேன். அன்றே பலகையைப் பிடுங்கினோம். அந்த நிலத்தில் நாம் பிடுங்கிய முதல் பொருள் அதுதான். பிறகு வரப்பில் உட்கார அதைத்தான் பயன்படுத்தினோம்.

கார்த்திகையில் மண் இளகியதும் வேலை தொடங்கியது. கடலாடிக் கடையில் முள்ளுக்குத் தாங்குகிற கையுறை கேட்டபோது, வெல்டிங் பட்டறைக்காரர்கள் போடும் தோல் உறை ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. நீங்கள் பேருந்திலேயே பங்கு பிரித்துவிட்டீர்கள். "வலது எனக்கு, எடது ஒனக்கு. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு. கூலியும் ஒரு ஆளுக்குத்தான்." முழங்கை வரை வந்த அந்த உறையைப் போட்டுக்கொண்டு, கன்றுக்கு இந்தப் பக்கம் நீங்களும் அந்தப் பக்கம் நானும் நின்று, ஒரே தண்டைப் பிடித்து இழுப்போம். மேலே ஒடிந்தால் மறுபடி துளிர்த்துவிடும். ஆகவே கடப்பாரையால் குத்தி நெம்பி, வேரோடு வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி விழும். குழியை மூட எனக்கு ஆசை. "கெடக்கட்டும், தண்ணி நிக்கும்" என்பீர்கள்.

எல்லைக்கல் ஓரம் இருந்த கன்று நினைவிருக்கிறதா? அரை மணி நேரம் பிடிவாதம் பிடித்தது. நீங்கள் அதனோடு பேச ஆரம்பித்தீர்கள். "வந்துரு ராசா, நல்ல பிள்ளல்ல" என்று கெஞ்சினீர்கள், பிறகு அதன் பரம்பரையையே ஏசினீர்கள். வேர் அறுந்த வேகத்தில் இருவரும் மல்லாந்து விழுந்தோம். நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. பயந்துபோய் ஓடி வந்து பார்த்தால், வானத்தைப் பார்த்தபடி சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். வயிறு மட்டும் குலுங்கியது.

சாலையில் போகிறவர்களுக்கு நாம் பெரிய பொழுதுபோக்கு. விறகை எரித்துக் கரியாக்கி விற்கும் கரிமூட்டக்காரர் வண்டியை நிறுத்தி, "ஏன் பிடுங்குறீக? இன்னும் மூணு வருசம் விட்டா நல்ல வெறகு. நானே வந்து வெட்டிக்கிருவேன்" என்றார். "ஒங்க மூட்டத்துக்கு வெறகு ஊரெல்லாம் கெடக்கு, இங்கன வேணாம்" என்று அனுப்பினீர்கள். தினமும் கேன்களோடு மொபெட்டில் போகும் பால்காரரோ விடுகிறவராக இல்லை.

"இம்புட்டுச் சுத்தம் பண்றீகளே, என்னதான் வெதைக்கப் போறீக?"

"மொளச்சதும் சொல்றேன்."

"எப்ப மொளைக்கும்?"

"மொளச்சதும் மொளைக்கும். நீ போ, பாலு திரிஞ்சுரும்."

மறுநாளும் கேட்பார். அதே பதில்.

தை பிறந்தபோது நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருந்தது. பொங்கலுக்கு அடுத்த வாரம், மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தீர்கள். எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். எழுதினால், அந்தப் பக்கத்தைத் திருப்பு என்று நீங்களே சொல்வீர்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நோட்டில் வந்தவர்களுக்குப் பக்கத்தில், வராதவர்கள் என்று புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தேன் அல்லவா, நீங்கள் அன்று கேட்ட கேள்விக்காக. நீங்கள் போன பிறகு வந்த முதல் ஞாயிறும் தனியாகத் தடம் நடந்தேன். லிப்டுக்காரர் என்று அந்தக் கட்டத்தில் எழுதினேன். அதன் கீழே அத்தை என்று எழுதினேன். மரியாதைக்காகக் காகங்களையும் அன்று எண்ணினேன்.

கரிமூட்டக்காரர் மறுபடி வந்தார், இந்த முறை அய்யாவிடம். உழவும் இல்லை, கவனிக்க ஆளும் இல்லை, பேசாமல் கருவேலுக்கு விட்டுவிடுங்கள் என்றார். அய்யா யோசித்தார். அவர் யோசித்ததில் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது. அன்று சாப்பிடும்போது சொன்னேன், "மிச்சம் ஒரு பங்குதான் அய்யா இருக்கு. அதையும் எடுத்துட்டா லிப்டுக்காரர் வந்துருவாரு."

"வந்துருவாருன்னு ஒன்ட்ட சொன்னாரா?"

"இல்ல. ஆனா முதல் வருசம் வந்தாருல்ல."

அய்யா தட்டில் சோற்றைப் பிசைந்தார். "சரி. பங்குனி முடியட்டும். அதுக்குள்ள அந்தக் குருவி வந்துச்சுன்னா நெலம் ஒம்பொறுப்பு. வரலைன்னா விட்டுருவேன். அப்பறம் அழுகக் கூடாது."

அடுத்த ஞாயிறு நான் கடப்பாரையோடு போனபோது அவர் எனக்கு முன்பே அங்கே நின்றார். உங்கள் வலது கை உறையைப் போட்டிருந்தார். அவர் கைக்கு அது சிறியது, சுண்டு விரல் உள்ளே போகவில்லை. நீங்கள் நிற்கும் பக்கம் அவர் நின்றார். மாசிக்குள் கடைசிக் கன்றும் வந்துவிட்டது.

பங்குனி மாதம் எனக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மணி நேரம் மட்டும் அம்மாவிடம் அனுமதி வாங்கி ஓடினேன். புல் தலைகாட்டியிருந்தது, மண் திறந்து கிடந்தது, காற்று தாராளமாக வீசியது. நெட்டைக்காலி இரண்டு வந்தன. காடை ஒன்று காலடியிலிருந்து விர்ரென்று கிளம்பி என்னைப் பதறவைத்தது. லிப்டுக்காரர் மட்டும் வராதவர்கள் கட்டத்திலேயே இருந்தார். மூன்று ஞாயிறு. நான்காம் ஞாயிறு, மறுநாள் கணக்குத் தேர்வு என்று அம்மா விடவேயில்லை. அதுதான் பங்குனியின் கடைசி ஞாயிறு. நான் வடிவியலை வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அய்யா வெளியே போனவர் வெயில் ஏறித் திரும்பி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். சொம்புத் தண்ணீரைக் குடித்தார். பிறகு யாரிடமோ சொல்வதுபோலச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"ஒன் லிப்டுக்காரன் வேலைக்கு வந்துட்டான்."

"எங்க?"

"அங்கனதான். ஏறுறான், விழுகுறான். ஏறுறான், விழுகுறான். கழுத்து வலிக்குது எனக்கு." கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். "அக்கா சொன்னப்ப நான் நம்பல."

அத்தை, நான் அந்தத் தேர்வைச் சிரித்துக்கொண்டே எழுதினேன். மதிப்பெண் எப்படி வந்தாலும் காரணம் லிப்டுக்காரர்தான்.

இப்போது நேற்றைய செய்தி. எல்லைக்கல் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது, மண்கட்டி நிறத்தில் பெண் பறவை ஒன்று தரையோடு தரையாக ஓடியது. நான் அப்படியே நின்றுவிட்டேன். அது கிளம்பிய இடத்தைக் கண்ணாலேயே துழாவினேன். நாம் கன்று பிடுங்கிய குழிகளில் ஒன்று, மழையில் கரைந்து கிண்ணம்போல ஆகியிருந்தது. அதற்குள் காய்ந்த புல்லும் கொஞ்சம் ஆட்டு முடியும் வைத்து மெத்தை. நடுவில் மூன்று முட்டை, சாம்பல் வெள்ளையில் பழுப்புப் புள்ளி. நீங்கள் மல்லாந்து விழுந்த அதே குழியா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த ஓரத்தில் நான்கைந்து குழிகள் இருக்கின்றன. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுத மாட்டேன். ஆனால் அது நம் குழி. அந்த முடி நம் பலகையைப் படிக்கத் தெரியாத ஆடுகளுடையதாகத்தான் இருக்க வேண்டும். மூட வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட குழியைக் கிடக்கட்டும் என்று விட்டது நீங்கள்.

பின்னோக்கியே நடந்து வெளியே வந்தேன். அய்யாவை மட்டும் கூட்டிப்போய்த் தூரத்திலிருந்து காட்டினேன். திரும்பிச் சாலைக்கு வந்தபோது பால்காரரின் மொபெட் வந்தது. அவர் இப்போதெல்லாம் எதுவும் கேட்பதில்லை, நம் நிலத்தருகே வரும்போது மெதுவாகப் போவார், அவ்வளவுதான். அய்யா கையை நீட்டி வண்டியை நிறுத்தினார்.

"அக்கா ஒங்கள்ட்ட ஒரு தகவல் சொல்லணும்னு இருந்தாகள்ல."

பால்காரர் புரியாமல் விழித்தார்.

"மொளச்சுருச்சு" என்றார் அய்யா. "மூணு."

பால்காரர் நிலத்தைப் பார்த்தார். புல்லைத் தவிர எதுவும் இல்லை. மறுபடி பார்த்தார். அந்த நேரம் பார்த்து லிப்டுக்காரர் மேலே ஏறி, சீட்டியடித்துக்கொண்டு விழுந்தார். பால்காரர் வாயைத் திறந்தபடி கேன்களோடு நின்றுகொண்டே இருந்தார். அய்யாதான், "போங்க, பாலு திரிஞ்சுரும்" என்றார்.

ஐப்பசியில் மறுபடி மழை வரும். மண்ணுக்குள் இன்னும் எத்தனை விதை கிடக்கிறதோ, அத்தனையும் முளைக்கும். உழாமல் விட்ட நிலத்தைச் சும்மா விட முடியாது என்று இப்போது எனக்குத் தெரியும், வருடாவருடம் குனிய வேண்டும். வலது கை உறை அய்யாவின் வண்டிப் பெட்டியில் இருக்கிறது. இடது கை உறையை உதறி, வெயிலில் காயவைத்து, மறுபடி என் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். அம்மா எலி என்று சொன்னால் சொல்லட்டும்.

உங்கள் மருமகள்